கையில் பொருள், கண்முன்னே பக்கம்: பள்ளியில் அறிவியல் வாசிப்பு வகுப்பு தொடங்க முழுமையான வழிகாட்டி

அறிவியல் பாடவேளையில் புத்தகத்தைத் திறப்பது பெரும்பாலும் அடிக்கோடு போடத்தான். ஒரு பிள்ளை எழுந்து நின்று வாசிக்கும். ஆசிரியர் நடுவில் நிறுத்தி, “இது ரெண்டு மார்க்” என்பார். மற்றவர்கள் பென்சிலால் கோடு இழுப்பார்கள். பாடத்தை முடித்தாக வேண்டிய அவசரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையை இந்தப் பழக்கத்திலிருந்து பிரித்தெடுக்க முடியும். அந்த ஒரு வேளையில் பக்கத்தில் எழுதியிருப்பதை ஒருவர் சொல்லும் கூற்றாக எடுத்துக்கொண்டு, “இது அவருக்கு எப்படித் தெரிந்தது, நாம் பார்க்க முடியுமா?” என்று கேட்டபடி வாசிக்கலாம். அதை எப்படித் தொடங்குவது என்பதுதான் இந்த வழிகாட்டி. 6 முதல் 8 வரையிலான வகுப்புகளை மனத்தில் வைத்து எழுதியது. 5ஆம் வகுப்புக்கும் 9ஆம் வகுப்புக்கும் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும்.

1. நேரமும் இடமும்

வாரத்துக்கு ஒரு பாடவேளை, அதாவது நாற்பது நிமிடம். வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையைக் கேட்காதீர்கள். அது எப்போதும் வேறு எதற்காவது போய்விடும். செவ்வாயோ புதனோ, காலை வேளையாக இருந்தால் நல்லது. தலைமையாசிரியரிடம் புதுத் திட்டம் என்று சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. அரசுப் பள்ளி என்றால் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இருக்கிறது. 6 முதல் 8 வரை செய்துபார்த்துக் கற்பதற்கென்றே வந்த திட்டம் அது. அதோடு சேர்த்து நடத்துவதாகச் சொல்லிவிடலாம். மன்றத்தின் சார்பில் சோதனை செய்துகாட்டும் கருத்தாளர் வரும் நாளில் அவருடைய சோதனைக்குப் பொருத்தமான பக்கத்தை வாசிப்புக்கு வைத்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

பிள்ளைகளை வட்டமாக உட்கார வையுங்கள். தரையே போதும். பெஞ்சு வரிசையில் பின்னால் இருப்பவருக்கு மேசைமேல் நடப்பது தெரியாது, தெரியாதவர் பேச ஆரம்பித்துவிடுவார்.

2. பக்கத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் ஆதாரம் பாடநூல்தான். பிள்ளைகள் கையில் ஏற்கெனவே இருப்பது அது ஒன்றுதான். அதற்கு அடுத்து, தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1980களின் இறுதியிலிருந்து வெளியிட்டுவரும் துளிர். பழைய இதழ்கள் கிடைத்தாலும் விடாதீர்கள். தவளையைப் பற்றிய கட்டுரைக்கு வயதாவதில்லை. பள்ளிக் கல்வித் துறையின் தேன்சிட்டு, நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புத்தகாலய வரிசை, நாளிதழ்களின் சிறுவர் இணைப்புகள் ஆகியவையும் உதவும். ஆசிரியர் தமக்காக வாசிக்க வேண்டுமென்றால் பெ.நா. அப்புசுவாமியின் கட்டுரைகளைத் தேடலாம். 1891இல் பிறந்தவர், தொழிலால் வக்கீல், பல பத்தாண்டுகள் அறிவியலைத் தமிழில் எழுதியவர். நடை கொஞ்சம் பழையதாகத் தெரியும். ஆனால் ஒரு கருத்தை அவசரப்படாமல் எப்படிப் பிரித்துச் சொல்வது என்பதை அவரிடம் கற்கலாம்.

நீளம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, அரைப் பக்கம் இன்னும் நல்லது. அதில் குறைந்தது ஒரு வாக்கியமாவது வகுப்பறையிலேயே சரிபார்க்கக் கூடியதாக இருக்க வேண்டும். கருந்துளையைப் பற்றிய கட்டுரை எவ்வளவு சுவையாக இருந்தாலும் முதல் மாதத்தில் வேண்டாம். விதை, நிழல், நீர், மெழுகுவர்த்தி, காந்தம், எறும்பு என்று கைக்கெட்டும் பொருள்களில் தொடங்குங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. விதை முளைக்க நீர், காற்று, தகுந்த வெப்பம் மூன்றும் வேண்டும் என்று ஒரு பத்தி சொல்கிறது. “இந்தப் பட்டியலில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா?” என்று கேளுங்கள். பாதி வகுப்பு “சூரிய ஒளி, டீச்சர்!” என்று கத்தும். வீட்டில் அம்மா பச்சைப்பயறை எங்கே வைத்து முளைகட்டுகிறார் என்று அடுத்துக் கேளுங்கள். ஈரத்துணியில் மூட்டையாகக் கட்டி, பாத்திரத்துக்குள் மூடிவைத்த பயறு இருட்டில்தான் முளைத்தது என்பது மெல்ல நினைவுக்கு வரும். வளர்வதற்கு ஒளி வேண்டும், முளைப்பதற்குப் பெரும்பாலான விதைகளுக்கு வேண்டாம் என்பதைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். இப்படியொரு கேள்வி கிடைக்கும் பத்திதான் நல்ல பத்தி.

3. பொருள்கள்

ஓர் அட்டைப்பெட்டி போதும். மெழுகுவர்த்தி, கண்ணாடி டம்ளர்கள், எவர்சில்வர் தட்டு, நூல், கையளவு பச்சைப்பயறு, கைலென்ஸ் இரண்டு மூன்று, காந்தம், டார்ச் பேட்டரி, சிறு பல்பு, அளவு நாடா. தீப்பெட்டி மட்டும் ஆசிரியர் பையிலேயே இருக்கட்டும். கடையில் கிடைக்கும் அறிவியல் கிட் வாங்கப் பணம் கேட்டு அலைவதைவிட, குப்பையில் போகும் பொருள்களிலிருந்து கருவிகள் செய்யும் அரவிந்த் குப்தாவின் விளக்கப் படங்களை இணையத்தில் பாருங்கள். பல இந்திய மொழிகளில் இலவசமாகவே கிடைக்கின்றன.

பாதுகாப்புக்கு மூன்று விதிகளைக் கரும்பலகையின் ஓரத்தில் நிரந்தரமாக எழுதிவைக்கலாம். லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கக் கூடாது. வீட்டு மின்சாரத்தைத் தொடக் கூடாது, பேட்டரி மட்டும்தான். எதையும் வாயில் வைக்கக் கூடாது.

4. ஒரு வகுப்பு நடக்கும் விதம்

மெழுகுவர்த்தியை எடுத்துக்கொள்கிறேன். லண்டன் ராயல் இன்ஸ்டிட்யூஷனில் மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்களுக்காக ஒரு தொடர் சொற்பொழிவையே மெழுகுவர்த்தியை மட்டும் வைத்து நடத்தினார். நமக்கு நாற்பது நிமிடத்துக்கு நிச்சயம் தாங்கும்.

தட்டில் மெழுகுவர்த்தியை நிறுத்தி, சுற்றி ஒரு விரற்கடை உயரத்துக்கு நீர் ஊற்றி, கொஞ்சம் மஞ்சளோ மையோ கலக்கிவிடுங்கள். ஏற்றிய மெழுகுவர்த்தியின் மேல் டம்ளரைக் கவிழ்க்கப் போகிறோம். கவிழ்ப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள். என்ன நடக்கும் என்று ஒவ்வொருவரும் நோட்டில் ஒரு வரி எழுத வேண்டும். இந்த வரியை விட்டுவிடாதீர்கள். எழுதாதவர் பின்னால், “நான் அப்பவே நினைச்சேன்” என்பார். எழுதியவர்தான் தன் நினைப்பு மாறியதைக் காண்பார்.

கவிழ்த்தாயிற்று. சுடர் சுருங்கி அணைகிறது, நீர் டம்ளருக்குள் ஏறுகிறது. இப்போது பக்கத்தைத் திறக்கலாம். இந்தச் சோதனைக்குப் பல வழிகாட்டி நூல்களும் செயல்முறைத் தாள்களும் தரும் விளக்கம் ஒன்றுதான்: எரிவதற்கு ஆக்சிஜன் செலவாகிறது, அந்த இடத்தை நிரப்ப நீர் ஏறுகிறது, காற்றில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், ஆகவே நீரும் ஐந்தில் ஒரு பங்கு உயர்கிறது. ஒரு பிள்ளை சத்தமாக வாசிக்கட்டும். பிறகு எல்லோரும் மௌனமாக ஒருமுறை. அதன்பின் பென்சிலை எடுத்து மூன்று குறிகள் போடச் சொல்லுங்கள். கண்ணால் பார்த்ததைச் சொல்லும் இடத்தில் ஒரு வட்டம். காரணம் சொல்லும் இடத்தில் ஓர் அம்புக்குறி. புரியாத இடத்தில் ஒரு கேள்விக்குறி. வட்டமும் அம்புக்குறியும் வெவ்வேறு வாக்கியங்களில் விழுவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். நீர் ஏறியதைக் கண்டோம். ஆக்சிஜன் தீர்ந்ததை யாரும் காணவில்லை.

இனி சோதனை. அதே டம்ளர், அதே அளவு நீர், ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுவர்த்திகள். பக்கம் சொல்வது சரியானால், டம்ளருக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதானே, நீரும் அதே உயரம்தான் ஏற வேண்டும். எழுதச் சொல்லுங்கள். கவிழ்த்தால் நீர் கூடுதலாக ஏறும். வகுப்பில் அப்போது எழும் சத்தத்தை அடக்க வேண்டாம்.

இன்னொரு முறை செய்யும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள். டம்ளரைக் கவிழ்க்கும் நேரத்தில் விளிம்பிலிருந்து குமிழிகள் வெளியேறும். நீர் வேகமாக ஏறுவது சுடர் எரியும்போது இல்லை, அணைந்த பிறகு. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு கூடிப் பேசினால் விளக்கம் அவர்களிடமிருந்தே வரும். சுடரின் சூட்டில் காற்று விரிகிறது, கொஞ்சம் வெளியே போய்விடுகிறது. சுடர் அணைந்ததும் மீதிக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, வெளியிலிருக்கும் காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. மூன்று மெழுகுவர்த்திகளில் சூடு அதிகம், ஆகவே நீரும் அதிகம். ஆக்சிஜன் குறைவதும் உண்மைதான். ஆனால் முழுவதும் தீர்வதற்கு முன்பே சுடர் அணைந்துவிடும். செலவான இடத்தில் கார்பன் டை ஆக்சைடும் நீராவியும் வந்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு என்ற கணக்கு தற்செயலாக ஒத்துவந்த எண்.

கடைசி ஐந்து நிமிடத்தில் அந்தப் பத்தியைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். அச்சான வரியைத் திருத்தலாமா என்று சில பிள்ளைகள் தயங்குவார்கள். நோட்டில்தான் எழுதுகிறார்கள், புத்தகம் அப்படியே இருக்கும் என்று சொன்னால் போதும். தேர்வில் எதை எழுதுவது என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். கேள்வித்தாள் பாடநூலைக் கேட்டால் பாடநூலில் உள்ளதை எழுது, உனக்குத் தெரிந்தது உன்னிடம் இருக்கட்டும் என்று நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். எனக்கு இந்தப் பதில் பிடிக்கவில்லை. பிள்ளையின் மதிப்பெண்ணைப் பணயம் வைக்க எனக்கு உரிமையும் இல்லை.

எல்லா வாரமும் இப்படிப் பக்கத்தில் தவறு கண்டுபிடிக்கும் வேட்டையாகிவிடக் கூடாது. பெரும்பாலான வாரங்களில் பக்கம் சரியாகத்தான் இருக்கும். சரியென்று தாமே பார்த்துக்கொண்டதில் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் உறுதி தனி. மேசைமேல் திரவம் நிறம் மாற, பிள்ளைகள் கைதட்ட, மணியடித்ததும் மறந்துபோகும் அறிவியல் மாயாஜால நிகழ்ச்சிகள்மேல் எனக்குப் பெரிய மதிப்பில்லை. கைதட்டல் முடிந்ததும் ஒரு பக்கம் வாசிக்கிறோமா என்பதில்தான் வேறுபாடு.

5. படங்களையும் வாசிக்கச் சொல்லிக்கொடுங்கள்

அறிவியல் பக்கத்தில் பாதி படம்தான். ஆனால் அதை வரையச் சொல்கிறோமே தவிர, வாசிக்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. உணவுச்சங்கிலிப் படத்தைப் பாருங்கள். புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு அம்பு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து பாம்புக்கு. அம்பு என்றால் ‘தின்கிறது’ என்று எடுத்துக்கொள்ளும் பிள்ளைக்கு, புல் வெட்டுக்கிளியைத் தின்றுவிடுகிறது. ஆற்றல் போகும் திசையைத்தான் அம்பு காட்டுகிறது என்று யாராவது சொன்னால்தானே தெரியும்?

இதயப் படத்தில் இடது வெண்ட்ரிக்கிள் தாளின் வலப்பக்கத்தில் இருக்கும். எதிரில் நிற்பவரின் இதயம் அது. ஒரு பிள்ளையை எழுப்பி எதிரில் நிறுத்தினால் அரை நிமிடத்தில் புரிந்துவிடும். சிரைகளுக்கு நீல வண்ணம் கொடுத்திருப்பது படத்தின் வசதிக்காக. நம் உடம்பில் நீல ரத்தம் கிடையாது.

சூரியக் குடும்பப் படத்துக்கு ஒரு முழு வகுப்பே ஒதுக்கலாம். அதில் கோள்கள் வரிசையாக, நெருக்கமாக நிற்கும். அளவு நாடாவோடு மைதானத்துக்குப் போங்கள். 22 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கால்பந்து சூரியன் என்றால், பூமி 2 மில்லிமீட்டர், ஒரு கடுகளவு. அந்தக் கடுகை வைக்க வேண்டிய இடம் பந்திலிருந்து ஏறத்தாழ 24 மீட்டர் தள்ளி. வியாழன் ஒரு கோலிக்குண்டு, 120 மீட்டருக்கு அப்பால். பல பள்ளிகளில் அதற்கே மதில் வந்துவிடும். நெப்டியூனுக்கு 700 மீட்டர் போக வேண்டும். வழியில் எந்தக் கடைவாசலில் அது இருக்கும் என்று பிள்ளைகளே கணக்குப் போடட்டும். திரும்பி வந்து படத்தைப் பார்த்து, “இந்தப் படம் எதைச் சரியாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது?” என்று கேளுங்கள். வரிசை சரி, தூரமும் அளவும் இல்லை.

6. சொற்களும் வாக்கியங்களும்

ஒளிச்சேர்க்கை மாதிரியான புதுச் சொல்லில் பிள்ளைகள் நின்று கேட்பார்கள். பழகிய சொல்லைக் கேட்காமலே தாண்டிவிடுவார்கள், சிக்கல் அங்கேதான். தண்ணீர்க் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் அசையாமல் நிற்கும் பெண் குடத்தின்மீது எந்த வேலையும் செய்யவில்லை என்கிறது இயற்பியல். அவர் எதிரில் இதைச் சொல்ல முடியுமா? வேலை, திறன், நிறை, எடை போன்றவை வரும்போது மட்டும் நிறுத்தி, வீட்டில் இதற்கு என்ன பொருள், இந்தப் பக்கத்தில் என்ன பொருள் என்று இரண்டு வரி எழுதவையுங்கள்.

வாக்கியம் நீளமாக இருந்தால் கடைசியிலிருக்கும் வினையை முதலில் கண்டுபிடித்து, எது என்ன செய்தது என்று உடைக்கட்டும். ‘ஆகையால்’, ‘எனினும்’ போன்றவற்றைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும், காரணம் அங்கேதான் தொங்கிக்கொண்டிருக்கும்.

7. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகள்

எட்டாம் வகுப்பிலும் இருப்பார்கள். எல்லார் முன்னாலும் சத்தமாக வாசிக்கவைத்து அவர்களை அவமானப்படுத்த வேண்டாம். ஆசிரியர் ஒருமுறை நன்றாக, ஏற்ற இறக்கத்தோடு வாசித்துக் காட்டிய பிறகு இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் குறி போடலாம். சோதனையில் முதலில் குமிழியைக் கவனிப்பது பல நேரம் இந்தப் பிள்ளைதான். அவர் சொன்ன வாக்கியத்தை அப்படியே கரும்பலகையில் எழுதுங்கள். தன் வாயிலிருந்து வந்த வரி என்பதால் அதை அவர் தடையில்லாமல் வாசிப்பார். மறுவாரம் அவருக்குரிய வாசிப்புப் பகுதி அதுவே.

8. கேள்விப் பெட்டி

பழைய செருப்புப் பெட்டியில் ஒரு பிளவு வெட்டி வகுப்பில் வைத்துவிடுங்கள். பெயர் எழுதாமல் கேள்வி போடலாம். மத்தியப் பிரதேசத்தில் 1972இல் 16 அரசு நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 2002 வரை நடந்த ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில் ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனை ஆள் இருந்தார். பிள்ளைகள் அவருக்குக் கடிதம் எழுதிக் கேள்வி கேட்பார்கள், திட்டக் குழுவினர் அவர் பெயரில் பதில் எழுதுவார்கள். ஆசிரியரிடம் நேரில் கேட்கக் கூசும் பிள்ளைக்கு அப்படியொருவர் வேண்டியிருந்தது. உங்கள் வகுப்பும் ஒரு பெயர் வைத்துக்கொள்ளட்டும்.

எல்லாக் கேள்விக்கும் உங்களிடம் பதில் இருக்காது. “தெரியலை, அடுத்த வாரம் சேர்ந்து தேடுவோம்” என்று சொல்வதில் ஆசிரியரின் மரியாதை குறைந்துவிடாது. ஆனால் அடுத்த வாரம் மறக்காமல் தேட வேண்டும். கேள்வி கேட்கும் ஒரு மாணவியைப் பற்றிய இரா. நடராசனின் ‘ஆயிஷா’ குறுநாவலை இன்னும் வாசிக்காத அறிவியல் ஆசிரியராக இருந்தால் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு அதை வாசித்துவிட்டு வாருங்கள்.

9. கேள்விப்பட்டதையும் வாசிப்பாக்குங்கள்

மூன்றாவது மாதத்தில் பிள்ளைகள் வெளியே கேட்ட கூற்றுகளைக் கொண்டுவரச் சொல்லலாம். வாட்ஸாப்பில் வந்தது, தாத்தா சொன்னது, எதுவானாலும் சரி. புளியமரத்தடியில் இரவில் படுத்தால் பேய் அடிக்கும் என்பது வரும். கூடவே அதன் ‘அறிவியல் விளக்கமும்’ வரும்: மரம் இரவில் கார்பன் டை ஆக்சைடு விடுகிறது, அதனால்தான் மூச்சு முட்டுகிறது. பேயை நம்பாதவர்களும் இந்த விளக்கத்தை நம்பிவிடுகிறார்கள். மரம் இரவில் சுவாசிப்பது உண்மை. ஆனால் வெட்டவெளியில் அந்த வாயு காற்றில் கலைந்துவிடும், ஆளை அமுக்கும் அளவுக்குச் சேராது. பக்கத்தில் படுத்திருக்கும் ஆளும் இரவெல்லாம் அதே வாயுவைத்தான் விடுகிறார். அவரால் யாருக்கும் மூச்சு முட்டுவதில்லை. அறிவியல் சொற்கள் இருப்பதாலேயே ஒரு கூற்று அறிவியலாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைப்பது கடினம்.

‘தினமும் மதியம் சூரியன் நேர் உச்சியில்’ என்பதும் அப்படித்தான். ஒரு குச்சியை நட்டு நிழலை அளந்தால் தெரிந்துவிடும். தமிழ்நாட்டில் ஓர் ஊரில் ஆண்டுக்கு இரண்டு நாள்தான் நண்பகல் நிழல் மறையும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும். தெற்கே போகப் போக முதல் நாள் இன்னும் முன்னால் வரும், இரண்டாவது நாள் இன்னும் பின்னால் போகும். ஏப்ரலில் தேர்வும் விடுமுறையும் வந்துவிடுவதால் ஆகஸ்ட் நாளைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், மேகம் இல்லாமலிருந்தால் அதிர்ஷ்டம்.

10. மதிப்பெண்

வேண்டாம். நிர்வாகம் பதிவு கேட்டால் பிள்ளைகளின் நோட்டைக் காட்டுங்கள். முதல் வாரத்து ஊகத்தையும் பத்தாவது வாரத்து ஊகத்தையும் அடுத்தடுத்து வைத்தாலே வளர்ச்சி தெரியும். ‘நீர் ஏறும்’ என்று எழுதிய பிள்ளை, ‘நீர் ஏறும், ஏனென்றால்’ என்று எழுதத் தொடங்கியிருக்கும். தேர்வு வைத்தே தீர வேண்டுமானால் ஹோஷங்காபாத்காரர்கள் செய்ததுபோல் புத்தகத்தையும் நோட்டையும் திறந்துவைத்து எழுதும் தேர்வாக இருக்கட்டும். பார்த்து எழுத முடியாத கேள்வியைத் தயாரிப்பது ஆசிரியருக்குத்தான் கடினமான வேலை.

முதல் மாதத்துக்கு

முதல் வாரம் பச்சைப்பயறு. ஒரு பங்கை வெளிச்சத்திலும் ஒரு பங்கை மூடிய டப்பாவிலும் ஈரத்துணியில் வைத்துவிட்டுப் பத்தியை வாசியுங்கள். முடிவைப் பார்க்க இரண்டு நாள் கழித்துப் பத்து நிமிடம் கடன் வாங்க வேண்டியிருக்கும். இரண்டாம் வாரம் மெழுகுவர்த்தி; அதை முந்தின நாள் வீட்டில் நீங்கள் ஒருமுறை செய்துபார்த்துவிடுங்கள், குட்டை மெழுகுவர்த்தியும் உயரமான டம்ளரும் இருந்தால்தான் நீர் ஏறுவது நன்றாகத் தெரியும். மூன்றாம் வாரம் மைதானத்தில் சூரியக் குடும்பம். விளையாட்டு ஆசிரியரிடம் பந்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான்காம் வாரத்துக்குச் சோதனை எதுவும் வேண்டாம். துளிரிலிருந்தோ தேன்சிட்டிலிருந்தோ ஒரு கட்டுரையை வாசித்து, வட்டமும் அம்பும் கேள்விக்குறியும் மட்டும் போட்டுப் பேசுங்கள். கேள்விப் பெட்டியை அன்றைக்குத் திறக்கலாம். ஐந்தாம் வாரத்துக்கான பக்கத்தை அதிலிருக்கும் சீட்டுகளைப் பார்த்து முடிவுசெய்யுங்கள்.